மயாமி வின்வுட் வால்ஸ்: நான் தேடிப் போன சுவர் அங்கே இல்லை

தெற்குவாசல்

வணக்கம் நண்பர்களே. டிசம்பர் இரண்டாம் வாரம் மயாமி போய் வந்தேன். டாம்பாவிலிருந்து காரில் நாலு மணி நேரம். போன காரணம் ஒன்றுதான், வின்வுட் வால்ஸில் ஒரு சுவரை மறுபடி பார்க்க வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அங்கே கூட்டிப் போயிருந்தேன். அப்போது டிக்கெட் கிடையாது. பழைய கிடங்குகளுக்கு நடுவே ஒரு முற்றம், சுற்றிலும் ஓவியச் சுவர்கள், நடந்துகொண்டே பார்க்கலாம். அம்மா எல்லாவற்றையும் கடந்து போய் ஒரு சுவர் முன்னால் நின்றுவிட்டார். ஆள் முகம், மிருகம் எதுவும் இல்லாத சுவர். பட்டை பட்டையாக வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இறங்கி, பின்னிக்கொண்டு ஓடும். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பத்தமடை பக்கத்திலேயே இருக்கிறது. "யாரோ பாய் முடைஞ்சிருக்காங்க பாரு, எவ்வளவு பொறுமை" என்றார். அந்தச் சுவர் முன்னால் அம்மா நிற்கும் படம்தான் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது.

இப்போது அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை, இனி விமானம் ஏற மாட்டார். "அந்தப் பாய்ச் சுவர்கிட்ட போய் வீடியோ கால் போடு" என்று சொல்லியிருந்தார். 12 டாலர் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு சுற்று சுற்றினேன். அந்த இடத்தில் வேறு யாரோ வரைந்த வேறு ஓவியம். ஊழியர் ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். "ஒவ்வோர் ஆண்டும் சில சுவர்களை மாற்றுவோம், அதுதான் எங்கள் வழக்கம்" என்று தன்மையாகச் சொன்னார்.

புதிய ஓவியம் நன்றாக இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர்களே தங்களைத் திறந்தவெளித் தெருக்கலை அருங்காட்சியகம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அருங்காட்சியகம் என்றால் காப்பாற்றி வைக்கும் இடம்தானே? தன்னிடம் இருப்பதைத் தானே வெள்ளையடித்து மூடும் இடத்தை அந்தப் பெயரால் கூப்பிடலாமா? இரண்டு வாரமாக இதே கேள்வி மனதில் ஓடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கிழக்குக்கரை

தெற்குவாசல், படித்ததும் கஷ்டமாக இருந்தது. நான் மயாமியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வின்வுட் எனக்கு வேலைக்குப் போகும் வழி. அந்த இடம் எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வின்வுட் நகர மையத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. 1950களில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறையக் குடியேறி, 'லிட்டில் சான் ஹுவான்' என்றே பெயர் வாங்கிய பகுதி. ஆயத்த ஆடைத் தொழிலும் சரக்குக் கிடங்குகளும்தான் பிழைப்பு. தொழில் தேய்ந்ததும் கிடங்குகள் காலியாகின. இந்தப் பக்கம் முதலில் வந்தவர்கள் சுவர் ஓவியர்கள் அல்ல. 1980களில் ஒரு பழைய ரொட்டி ஆலையைக் கலைஞர்களின் வேலைக்கூடமாக மாற்றினார்கள், பேக்ஹவுஸ் என்று பெயர், இன்றும் இருக்கிறது. 1993-இல் ரூபெல் குடும்பத்தார் தங்கள் ஓவியச் சேகரிப்பை இங்கே கொண்டுவந்தார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட கட்டடம், போதைப்பொருள் தடுப்புத் துறை பறிமுதல் செய்த சாமான்களை அடுக்கி வைத்திருந்த கிடங்கு.

2002 டிசம்பரில் மயாமி பீச்சில் ஆர்ட் பாசல் சந்தை தொடங்கியது. அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பர் முதல் வாரமும் உலகத்து ஓவிய வியாபாரிகள் எல்லாரும் இந்த ஊரில்தான். வின்வுட் வால்ஸ் வருடா வருடம் டிசம்பரில் புதுப் பொலிவு எடுப்பது அதனால்தான்.

டோனி கோல்ட்மன் என்பவர் நியூயார்க்கின் சோஹோவிலும் இங்கே சவுத் பீச்சிலும் பழைய கட்டடங்களை வாங்கிப் புதுப்பித்துப் பேர் வாங்கியவர். வின்வுட்டில் அவர் வாங்கிய கிடங்குகளுக்கு ஜன்னலே கிடையாது. மற்றவர்களுக்கு அது குறை. அவர் அந்த மொட்டைச் சுவர்களைப் பெரிய வரைதிரைகளாகப் பார்த்தார். ஜெஃப்ரி டைட்ச் என்ற கலைக்கூடக்காரரோடு சேர்ந்து 2009-இல் வின்வுட் வால்ஸைத் திறந்தார். அந்தச் சுவர்களில் முதலில் வரைந்தவர்களில் ஷெப்பர்ட் ஃபேரி, கென்னி ஷார்ஃப், பிரேசிலின் இரட்டையர்கள் ஓஸ் ஜேமியோஸ் ஆகியோர் உண்டு. அடுத்த வருடமே பக்கத்து மனையில் கடை ஷட்டர்களை வரிசையாக நிறுத்தி அவற்றிலும் வரைய வைத்தார், 'வின்வுட் டோர்ஸ்' என்று.

2012 செப்டம்பரில் கோல்ட்மன் காலமானார். அந்த வருடம் ஃபேரி தன் பழைய சுவரை மூடிவிட்டு அவருக்கு அஞ்சலியாகப் புதிதாக வரைந்தார். தெற்குவாசல், இதைக் கவனியுங்கள். அந்த இடத்தை உண்டாக்கியவருக்குச் செய்த மரியாதையே பழையதை மூடித்தான் நடந்தது. இப்போது அவர் மகள் ஜெசிக்கா கோல்ட்மன் ஸ்ரெப்னிக் ஓவியர்களைத் தேர்ந்தெடுத்து நடத்துகிறார். இதுவரை நூறு ஓவியர்களுக்கு மேல் வரைந்துவிட்டார்கள். சுவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. அதனால் மூடாமல் வழியில்லை.

---

பழைய_தூரிகை

தெற்குவாசல் தங்கச்சி, உன் அம்மா சொன்ன வார்த்தை என்னை உட்கார வைத்துவிட்டது. பாய் முடைவதையும் சுவரில் பட்டை இழுப்பதையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறார். இரண்டு வேலையிலும் கை நடுங்கக் கூடாது.

நான் முப்பத்தி இரண்டு வருடம் சுவர் விளம்பரம் எழுதியவன். திருநெல்வேலி, தூத்துக்குடி, கோவில்பட்டி வரைக்கும். சோப்பு, சிமெண்ட், உர மூட்டை, ஜவுளிக்கடை, அப்புறம் தேர்தல் சின்னம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொழில் போனது. இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன், பேரன் போனில் இதைப் படித்தேன்.

அழிப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் வேலையின் முதல் படியே அழிப்பதுதான். போன வருடம் நானே எழுதிய எழுத்தின் மேல் நானே சுண்ணாம்பு அடிப்பேன். காய்ந்த பிறகும் பழைய எழுத்து லேசாகத் தெரியும். இரண்டாவது கை அடிக்க வேண்டும். அந்த இரண்டாவது கை அடிக்கும்போது மனசு என்னவோ செய்யும். ஆனால் அடிக்காவிட்டால் அந்த வருடம் அடுப்பு எரியாது.

ஒரே ஒரு சுவரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. கயத்தாறு தாண்டி நெடுஞ்சாலையோரம் ஒரு கிணற்று மோட்டார் அறை. அதில் ஒரு ஜவுளிக்கடைக்காக ஒரு பெண் பட்டுச்சேலையைத் தோளில் போட்டிருப்பது மாதிரி வரைந்தேன். கட்டம் போட்டு, சாரம் கட்டி, ஆறு நாள். சேலைச் சரிகைக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க. நாலு வழிச் சாலை போட்டபோது அந்த அறையே போய்விட்டது. யாரும் படம் எடுத்து வைக்கவில்லை, என்னிடமும் இல்லை. உன்னிடம் ஹாலில் ஒரு படம் இருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை, தங்கச்சி.

---

வரைகோடு

பழைய_தூரிகை ஐயா, கட்டம் போடுவது பற்றிச் சொன்னீர்கள். நான் நாலைந்து சுவர் வரைந்திருக்கிறேன். இப்போது வெளிநாட்டில் பலர் செய்யும் முறை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நேர்க்கோட்டுக் கட்டத்துக்குப் பதிலாகச் சுவர் முழுக்க என்னென்னவோ கிறுக்குவார்கள். எழுத்து, எண், சுழி, அம்புக்குறி, கைக்கு வந்ததெல்லாம். அதைப் படம் எடுத்து, டேப்லெட்டில் அதன் மேல் தங்கள் வரைபடத்தை ஏற்றிக்கொள்வார்கள். பிறகு ஆளை உயரத்துக்குத் தூக்கும் லிஃப்ட் வண்டியில் ஏறி, "இந்தச் சுழிக்குப் பக்கத்தில் மூக்கு, அந்த மூன்றாம் எண்ணுக்குக் கீழே உதடு" என்று பார்த்து வரைவார்கள். நூல் பிடிக்க வேண்டாம், சுண்ணக்கட்டி அடிக்க வேண்டாம். ஆறு மாடி உயரச் சுவரைக்கூட ஒருவர் தனியாக ஒரு வாரத்தில் முடிக்க முடிவது பெரும்பாலும் இதனால்தான்.

தெற்குவாசல் கேட்டதற்கு வருகிறேன். திறந்தவெளியில் வரைந்த எதையும் 'காப்பாற்றி வைப்பது' என்பது நாம் நினைப்பதைவிடக் கடினம். மயாமியில் வெயில், உப்புக்காற்று, கோடை மழை, புயல் எல்லாம் உண்டு. சிமெண்ட் கல் சுவர் ஈரம் இழுக்கும், உள்ளிருந்து உப்பு பூக்கும், பெயிண்ட் பொருக்கு பொருக்காக எழும்பும். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் வெளுக்காது. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் ஒளிரும் வகை நிறங்களும் முதலில் போகும். காவி, செம்மண் போன்ற மண் நிறங்கள் நிற்கும், நீலம் ஓரளவு நிற்கும். அதனால் ஆறு வருடம் கழித்து நிற்கும் சுவர், ஓவியர் நினைத்த சுவர் இல்லை. நிறங்களுக்கு நடுவே அவர் வைத்த கணக்கே மாறிவிடுகிறது. உங்கள் அம்மா பார்த்த பாய் இன்றும் அங்கே இருந்திருந்தால், சிவப்பு இழை வெளுத்து நீல இழை மட்டும் தூக்கலாகத் தெரியும் வேறொரு பாயாக இருந்திருக்கும்.

அதற்காக அழிப்பது சரி என்று சொல்லவில்லை. மேலே பாதுகாப்புப் பூச்சு அடிக்கலாம், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓவியரையே அழைத்துத் திருத்தலாம். பணம் செலவாகும். ஆனால் வருடா வருடம் புதிய ஓவியரை விமானத்தில் அழைத்து வந்து, லிஃப்ட் வாடகைக்கு எடுத்து வரைய வைக்கவும்தான் செலவாகிறது. எந்தச் செலவை ஒரு இடம் தேர்ந்தெடுக்கிறது என்பதில் அதன் மனது தெரியும். வின்வுட்டின் மனது புதியதின் பக்கம்.

---

நடுமுற்றம்

நான் வழக்கறிஞர் இல்லை, பதிப்புரிமைச் சட்டம் படித்து அந்தத் துறையில் எழுத்து வேலை பார்க்கிறவள். இந்த இழைக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு வழக்கு இருக்கிறது.

நியூயார்க், குயின்ஸில் 5பாயிண்ட்ஸ் என்ற பழைய ஆலைக் கட்டடம். உரிமையாளர் சம்மதத்தோடு பல வருடம் உலகத்து கிராஃபிட்டி (ஸ்ப்ரே பெயிண்டால் சுவரில் எழுதுவது, வரைவது) ஓவியர்கள் எல்லாரும் வந்து வரைந்த இடம். ரயிலில் போகிறவர்கள் ஜன்னலிலிருந்து பார்ப்பார்கள். அங்கேயும் மூடுவதும் வரைவதும் தினமும் நடந்தது, ஆனால் யார் சுவரை யார் மூடலாம், எது எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு ஓவியர்களுக்குள்ளேயே ஒழுங்கு இருந்தது. 2013 நவம்பரில் ஒரே இரவில் உரிமையாளர் ஆள் வைத்து எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். அடுக்குமாடி கட்டப் போகிறார் என்பது முன்பே தெரியும். ஆனால் இடிக்கும் வரை காத்திருக்கவில்லை, படம் எடுத்துக்கொள்ள, பெயர்த்தெடுக்க அவகாசமும் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் 1990-இல் வந்த காட்சிக்கலைஞர் உரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. மதிப்பு பெற்ற கலைப்படைப்பு என்று ஏற்கப்பட்டதை, சுவர் வேறொருவருக்குச் சொந்தமானாலும், நினைத்தபடி அழிக்க முடியாது. 21 ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 45 ஓவியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1,50,000 டாலர், மொத்தம் 67.5 லட்சம் டாலர். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

வாதத்தில் உரிமையாளர் தரப்பு, "இந்தக் கலையே நிலையில்லாதது, அழியும் என்று ஓவியர்களுக்கே தெரியும்" என்றது. ஓவியர்களே ஒருவர் மேல் ஒருவர் வரைவது வேறு, ராத்திரியில் கூலிக்கு ஆள் வந்து வெள்ளையடிப்பது வேறு என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நிலையில்லாத கலைக்கும் பாதுகாப்பு உண்டு என்றது.

நம் நாட்டிலும் இந்த உரிமை உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள், துண்டு துண்டாகிவிட்டது. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்றது.

அதனால் அழித்தல் என்ற செயலை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. வரைந்தவருக்கு முன்பே தெரியுமா, அவரிடம் கேட்டார்களா, அடுத்து அங்கே வரப்போவது இன்னொரு ஓவியரா அல்லது வெறும் வெள்ளையா என்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் சுவர் மாறும் இடம் என்று தெரிந்து வந்து வரைகிறவருக்கு அது அவமானம் ஆகாது. அந்த அமெரிக்கச் சட்டத்திலேயே ஓவியர் கையெழுத்திட்டு இந்த உரிமையை விட்டுக்கொடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். பெரிய சுவர்த் திட்டங்களில் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி இருக்கிறதா என்று இளைய ஓவியர்கள் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

---

வரைகோடு

நடுமுற்றம், மிக்க நன்றி. கடைசிப் பத்தியை என் அறைச் சுவரில் எழுதி ஒட்டப் போகிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு வளாகத்துக்கு வரைந்து கொடுத்தேன். ஒரு பக்கத் தாள், கையெழுத்து, அவ்வளவுதான். எட்டு மாதத்தில் ஓவியத்தின் நடுவே ஒரு ஏசி எந்திரத்தை மாட்டினார்கள். வரைந்த யானையின் கண் இருந்த இடம் அது. கேட்டதற்குச் சுவர் எங்களுடையது என்றார்கள். அழித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

---

ஓஎம்ஆர்_பக்கம்

சென்னையிலும் இது மாதிரி ஒன்று இருக்கிறது, கண்ணகி நகர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு வாக்கில் நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலை அமைப்பு, மாநகராட்சியோடும் ஏஷியன் பெயிண்ட்ஸோடும் சேர்ந்து அங்கே குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைய வைத்தது. வெளியூர், வெளிநாட்டு ஓவியர்களும் வந்தார்கள், நம்ம ஊர் ஏ-கில்லும் வரைந்தார்.

என் அத்தை குடும்பம் அங்கே இருக்கிறது. வேலைக்கு மனு போடும்போது கண்ணகி நகர் என்று முகவரி எழுதவே தயங்கிய பசங்க, "பெரிய படம் வரைஞ்சிருக்கே, அந்த பிளாக்" என்று ஆட்டோக்காரரிடம் வழி சொல்லுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பெரிய விஷயம். தண்ணீரும் பஸ்ஸும் ஓவியத்தால் வராது, அது வேறு போராட்டம். ஆனால் வின்வுட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கே சுவருக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சுவர் வெளுத்தால் அவர்கள்தான் அந்த வெளுத்த சுவரோடு இருக்க வேண்டும். டிசம்பரில் யாரும் வந்து புதிதாக வரைந்து கொடுப்பதில்லை. ஆண்டுதோறும் மாற்றும் அந்த வழக்கத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. யாரோ வருடா வருடம் அந்தச் சுவரைக் கவனிக்கிறார்களே.

---

கிழக்குக்கரை

ஓஎம்ஆர்_பக்கம், சுவருக்குப் பின்னால் ஆட்கள் என்று சொன்னீர்கள். நேற்றிலிருந்து அதே யோசனை.

வின்வுட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். வால்ஸ் இருக்கும் இரண்டாம் அவென்யூவை ஒட்டிக் கிடங்குகள்தான், சரி. ஆனால் நாலைந்து தெரு தள்ளி புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் இருந்த வீடுகள். புவேர்ட்டோ ரிக்கோ பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமெண்டே பெயரில் இன்றும் அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. ஓவியம் பார்க்க ஆள் வந்தார்கள், காபிக்கடை வந்தது, உணவகம் வந்தது, 2015-இல் நகராட்சி அங்கே குடியிருப்பு அடுக்குகள் கட்ட ஏற்றபடி விதியை மாற்றியது. வாடகை ஏறியது. நான் முதன்முதலில் பார்த்தபோது கதவு திறந்தபடி வேலை நடக்கும் துணிக்கிடங்குகள் இருந்த தெருவில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். ஜன்னல் இல்லாத கிடங்குகள்தான் இந்த ஓவியங்களுக்கே காரணம். ஓவியங்களால் நிலத்தின் விலை ஏறி அந்தக் கிடங்குகளையே இடிக்கிறார்கள். வால்ஸின் வேலிக்கு உள்ளே இருப்பவை மாறி மாறி வரும். வேலிக்கு வெளியே, தெருச் சுவர்களில் இருந்த எத்தனையோ ஓவியங்கள் கட்டடத்தோடு போய்விட்டன. தெற்குவாசலின் சுவர் போன வருத்தத்தைவிட எனக்கு அந்த வருத்தம் அதிகம். அந்த இடங்களில் இனிமேல் வரையச் சுவரே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். 2014 டிசம்பர், ஆர்ட் பாசல் வாரம். நகரமே தெரு ஓவியத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாள்கள். அப்போது வின்வுட்டில் அதிகாலையில் கிராஃபிட்டி எழுதிக்கொண்டிருந்த 21 வயதுப் பையன் ஒருவன், போலீஸ் துரத்தும்போது போலீஸ் காரில் அடிபட்டுச் சில நாளில் இறந்துபோனான். அனுமதி வாங்கிய சுவருக்கு முன்னால் கூட்டம் கைதட்டுகிறது, சில தெரு தள்ளி அனுமதி இல்லாத சுவருக்கு ஒரு உயிர் போகிறது. இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று வால்ஸில் ஓவியங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 2019 டிசம்பரில் பக்கத்திலேயே கிராஃபிட்டிக்கென்று தனி அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். ரயில் பெட்டிகளில் எழுதிய காலத்திலிருந்து வரலாற்றைச் சொல்கிறது. வருகிறவர்களை நான் முதலில் அங்கே கூட்டிப் போவேன், அப்புறம்தான் வால்ஸ்.

---

வரைகோடு

கிழக்குக்கரை, இதை எழுதியதற்கு நன்றி. அந்த ரயில் காலத்துக்கும் வால்ஸுக்கும் நேரடிப் பாலமாக ஒருவர் இருக்கிறார், லேடி பிங்க். ஈக்வடாரில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். 1979-லிருந்து சில வருடம் சுரங்க ரயில் பெட்டிகளில் இரவில் எழுதியவர், கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்பிள்ளைகளாக இருந்த கூட்டத்தில். 2013-இல் வின்வுட் வால்ஸ் அந்த ஆண்டுக் கண்காட்சி முழுவதையும் பெண் ஓவியர்களுக்கே கொடுத்தது. லேடி பிங்க் வந்தார். டோக்கியோவில் பிறந்த ஐகோ, தென்னாப்பிரிக்காவின் ஃபெய்த்47, பிரான்சின் ஃபாஃபி, காஷிங்க், புரூக்ளினின் மாயா ஹயூக் என்று ஒரு பெரிய வரிசை.

அந்த வருடத்துப் படங்களைத்தான் கல்லூரியில் முதன்முதலில் பார்த்தேன். லிஃப்ட் மேல் பெண்கள் நின்று வரைகிற படங்கள். ஸ்ப்ரே கேனைப் பிடித்த கையில் பெயிண்ட் தெறித்திருக்கும். எங்கள் வீட்டில் "சாரத்தில் ஏறுவதெல்லாம் பொம்பளப் பிள்ளை வேலையா" என்ற பேச்சு வந்தபோது அந்தப் படங்களைத்தான் அப்பாவிடம் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "இடுப்புல பெல்ட் போட்டிருக்காங்களா, அப்போ சரி" என்றார்.

ஆண்டுக்கு ஒரு தலைப்பு, புதிய ஆட்கள் என்று வைத்ததால்தான் அந்த 2013 நடந்தது. 2009-இல் வரைந்தவர்களின் சுவர்களை அப்படியே பாதுகாத்திருந்தால் லேடி பிங்குக்கும் ஃபெய்த்47-க்கும் இடம் ஏது? தெற்குவாசல், உங்கள் வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் நான் அந்தப் படங்களைப் பார்த்ததற்கு, அதற்கு முன் இருந்த யாரோ ஒருவரின் சுவர் மூடப்பட்டதும் காரணம்.

---

தெற்குவாசல்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

வரைகோடு சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நடுமுற்றம் சொன்ன 5பாயிண்ட்ஸ் ராத்திரிக்கும் இதற்கும் உள்ள தூரமும் தெரிகிறது. ஆனாலும் எனக்கு ஒரு குறை பாக்கி இருக்கிறது. அழிக்கட்டும். அந்தச் சுவரில் முன்னால் யார் வரைந்திருந்தார், எந்த வருடம், எப்படி இருந்தது என்று சுவரோரமே ஒரு சின்னப் பலகை வைத்தால் என்ன? புதிய ஓவியரின் பெயர் இருக்கிறது. அதன் கீழே பழையவர்களின் பெயர்களும் வரிசையாக இருந்தால், அருங்காட்சியகம் என்ற பெயரை நான் மனமார ஒப்புக்கொள்வேன். கோயில் கல்வெட்டில் யார் காலத்தில் எந்த மண்டபம் என்று எழுதி வைத்தார்களே, அது மாதிரி.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சுவர் இல்லை என்று சொல்லிவிட்டேன். அதுவரை மழை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாய் எத்தனை வருஷம் உழைக்கும், கிழிஞ்சா புதுசு முடைவாங்க. இப்போ அங்க என்ன இருக்கு, அதைக் காட்டு" என்றார். அவசரத்தில் நான் அந்தப் புதிய ஓவியத்தைப் படம்கூட எடுக்கவில்லை.

---

பழைய_தூரிகை

அந்தப் பலகை யோசனை நல்லது, தங்கச்சி. எங்கள் சுவர்களில் மூலையில் ஆர்ட்ஸ் பெயரைச் சின்னதாக எழுதுவோம். அதற்குக்கூடச் சிலர் திட்டுவார்கள், இடம் வீணாம். எழுதிவிட்டுத்தான் வருவோம்.

அம்மாவுக்காக இன்னொரு தடவை போய்விட்டு வா.

---

ஓஎம்ஆர்_பக்கம்

பழைய_தூரிகை ஐயா, கயத்தாறு பக்கம் என் நண்பர்கள் இருக்கிறார்கள். அந்த மோட்டார் அறைச் சுவர் யாருடைய கல்யாணப் படத்திலாவது, வண்டி வாங்கிய படத்திலாவது பின்னால் விழுந்திருக்கலாம். எந்த வருடம், சாலையின் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

---

பழைய_தூரிகை

1996 அல்லது 97. மதுரையிலிருந்து வரும்போது இடது கை பக்கம். பக்கத்தில் ஒரு பெரிய புளியமரம். சேலை அரக்கு நிறம், சரிகை மஞ்சளில் வைத்தேன், தங்க நிறம் அப்போது கிடைக்கவில்லை. ஓரத்தில் 'குமரி ஆர்ட்ஸ்' என்று இருக்கும்.

கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை தம்பி. கேட்டாயே.

---

கிழக்குக்கரை

தெற்குவாசல், அடுத்த முறை வருவதாக இருந்தால் டிசம்பர் இரண்டாம் வாரம் வராதீர்கள். நவம்பர் கடைசியில், ஆர்ட் பாசல் தொடங்குவதற்கு முந்தைய நாள்களில் வாருங்கள். அப்போதுதான் வரைவார்கள். வால்ஸ் வளாகத்துக்கு வெளியேயும் சுற்றியுள்ள தெருக்கள் முழுக்க லிஃப்ட் நிற்கும், தரையெல்லாம் கேன் மூடி உருளும், பெயிண்ட் வாசம் இரண்டு தெரு தள்ளியே அடிக்கும். பாதி முடிந்த முகங்கள், வெறும் கிறுக்கல் மட்டும் இருக்கும் சுவர்கள் எல்லாம் பார்க்கலாம். காலை பத்து மணிக்குள் வந்தால் வெயில் தாங்கும். வண்டியை இருபத்தொன்பதாம் தெருப் பக்கம் விட்டுவிட்டு நடக்கலாம்.

அம்மாவுக்கு அங்கிருந்து வீடியோ கால் போடுங்கள். இங்கே காலை ஒன்பது மணி என்றால் அம்பாசமுத்திரத்தில் இரவு ஏழரை, சாப்பாட்டுக்கு முன்னால் இருப்பார்.

---

தெற்குவாசல்

லீவு போட்டுவிட்டேன். அம்மாவிடமும் சொல்லியாயிற்று. முதலில் சுவரைக் கிறுக்குவார்கள் என்றதும், "எதுக்கு சுவரைப் பாழ் பண்றாங்க" என்று கேட்டார். வரைகோடு எழுதியதைப் படித்துக் காட்டினேன். அந்தக் கிறுக்கலை முதலில் காட்ட வேண்டுமாம், படம் வரைந்த பிறகு இன்னொரு தடவை.

வரைகோடு, நீங்கள் எந்த ஊர்? அடுத்து வரையும் சுவர் எங்கே என்று சொன்னால் அம்மா அதையும் பார்க்கக் கேட்கிறார்.

---

வரைகோடு

கோவில்பட்டி. ஒரு நூலகத்தின் வெளிச்சுவர், தை மாதம் தொடங்குகிறேன். அம்மாவை நேரிலேயே கூட்டி வரச் சொல்லுங்கள், அம்பையிலிருந்து இரண்டரை மணி நேரம்தான், நிழலில் நாற்காலி போட்டு வைக்கிறேன். பழைய_தூரிகை ஐயா, நீங்களும் வர வேண்டும். கட்டம் போடுவதா கிறுக்குவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.